முதல் டாட்டூ எதிர்பார்த்தபடி அமையவில்லை: ஆறும்வரை பொறுப்பதா, உடனே திருத்துவதா?

கேள்வி: 3 மார்ச் 2023

இரண்டு வாரங்களுக்கு முன்பு பெங்களூருவில் முதன்முறையாக டாட்டூ போட்டுக்கொண்டேன். இடது மணிக்கட்டின் உட்புறத்தில் 'கண்ணம்மா' என்று தமிழில், மெல்லிய கோட்டில், சிறிய எழுத்துகளில். போட்ட அன்று கணினியில் பார்த்த வடிவம் அச்சு அசலாகக் கையில் இருந்தது. இப்போது எழுத்துகள் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. 'ண்' மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது; 'மா'வின் காலில் பாதியைக் காணவில்லை; எழுத்துகளைச் சுற்றி ஒரு நிழல் தெரிகிறது. போட்டவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவச் சொல்கிறார். அதே இடத்துக்குப் போய் மேலே மறுபடியும் குத்தச் சொல்வதா, லேசரில் எடுத்துவிடுவதா? கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

3 மார்ச் 2023, இரவு

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எந்த டாட்டூவும் இரண்டாம் வாரத்தின் முடிவில்தான் மிக மோசமான தோற்றத்தில் இருக்கும். அந்தத் தோற்றத்தை நம்பி எடுக்கும் முடிவு பெரும்பாலும் சரியாக அமைவதில்லை.

ஊசி தோலுக்குள் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை இறங்குகிறது. மேல்தோலைத் துளைத்து, அதற்குக் கீழுள்ள அடித்தோலில் மையைச் சேர்ப்பதுதான் நோக்கம் என்றாலும், போகும் வழியில் மேல்தோலிலும் மை தங்கிவிடும். முதல் நாள் நீங்கள் கண்ட கருமை இந்த இரண்டு அடுக்குகளிலும் இருந்த மை சேர்ந்து காட்டிய கருமை. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ 4 வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. புண்பட்ட தோல் செதில் செதிலாக உரியும்போது அதில் தங்கிய மையும் உடன் போய்விடும். உரிந்த இடத்தில் வரும் புதுத்தோல் முதலில் மங்கலாக, சற்றே பளபளப்பாக இருக்கும். அதன் வழியாகப் பார்க்கும்போது கறுப்பு சாம்பலாகத் தெரியும். அது தெளிய இன்னும் 3, 4 வாரங்கள் ஆகும். ஆகவே சாம்பல் பூத்த தோற்றத்தைப் பற்றி மட்டும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

'மா'வின் கால் பாதி மறைந்தது வேறு விஷயம். அந்த இடத்தில் பொருக்கு இன்னும் ஒட்டிக்கொண்டு கோட்டை மறைத்திருக்கலாம். அல்லது ஊசி போதிய ஆழத்துக்கு இறங்காததால் மை மேல்தோலோடு உரிந்து போயிருக்கலாம். முன்னது தானே சரியாகும். பின்னது டச்-அப்பில், அதாவது விடுபட்ட இடத்தில் மறுபடி மை குத்தி நிரப்புவதில், சரியாகும். டாட்டூவில் நேரும் குறைகளில் திருத்துவதற்கு மிக எளிதானது அதுதான். புள்ளி ஒட்டியதும் நிழல் தெரிவதும் அவ்வளவு எளிதில் சொல்லக்கூடியவை அல்ல. அவற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

4 மார்ச் 2023

மஞ்சளைப் பற்றி. அம்மா சொல்வதில் அக்கறை இருக்கிறது. பச்சை குத்திய கையில் மஞ்சளும் எண்ணெயும் தடவும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்ததுதான். ஆனாலும் உரிந்துகொண்டிருக்கும் தோலில் அஞ்சறைப்பெட்டி மஞ்சளைத் தடவுவது நல்லதல்ல. அது கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. சிலருக்கு எரிச்சலையும் உண்டாக்கும். புதுத்தோலில் மஞ்சள் கறை ஏறிவிட்டால், எது குறை, எது கறை என்றே தெரியாமல் போகும். வெதுவெதுப்பான நீரில், வாசனை சேர்க்காத மென்மையான சோப்பால், உள்ளங்கையைக் கொண்டு கழுவி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்து, மாய்ஸ்சரைசரை மிக மெல்லிய படலமாகத் தடவினால் போதும். பொருக்குகள் முழுவதும் உதிர்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவுவதில் தவறில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மணிக்கட்டின் உட்புறம் மடிக்கணினியின் விளிம்பில் நாள் முழுவதும் உரசும் இடம். கைக்கடிகாரப் பட்டையும் அங்கேதான் வரும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் இடது மணிக்கட்டில்தான் கடிகாரம் கட்டுகிறார்கள். இன்னும் சில வாரங்களுக்குக் கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டுக்குக் கீழே மெத்தென்ற துணி ஒன்றை மடித்து வையுங்கள்.

7 மார்ச் 2023

என் அனுபவத்தைக் கேட்டிருக்கிறீர்கள். என் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே உட்புறத்தில் இருப்பது ஒரு சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடு எங்கும் அறுபடாமல் வளைந்து வளைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் வகை. அந்த அறுபடாத தன்மைக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆறும்போது அந்தக் கோடுதான் முதலில் அறுந்தது. குர்தாவின் கையைச் சுருட்டி விடும்போது அந்த மடிப்பு ஒரு வளைவின் மேல் வந்து விழும். அங்கே கட்டியிருந்த பொருக்கு துணியோடு சேர்ந்து பிய்ந்து வந்தது. பொருக்கின் அடிப்பகுதியில், கோட்டின் வளைவு அப்படியே கறுப்பாகப் பதிந்திருந்ததைப் பார்த்தேன். கையிலோ அந்த இடம் இளஞ்சிவப்பாக, வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்தபோது ஏற்பட்ட வருத்தத்தை இப்போதும் சிறியதென்று சொல்ல மாட்டேன். உடம்பில் நிரந்தரமாக இருக்கப்போவது என்று நினைத்து, பல மாதங்கள் யோசித்து, வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கிச் செய்துகொண்ட ஒன்று, தோற்றுப்போனதாகத் தெரியும்போது வரும் துயரத்தை, 'வெறும் டாட்டூதானே' என்று சொல்பவர்கள் புரிந்துகொள்வதில்லை.

அந்த வாரங்களில் எனக்கு உதவிய பழக்கம் ஒன்று உண்டு: ஒரு நாளில் ஒருமுறை மட்டும், காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் படம் எடுத்துக்கொண்டேன். மற்ற நேரங்களில் அதை உற்றுப் பார்ப்பதைத் தவிர்த்தேன். மணிக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது. வாரத்தின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியும்.

8 மார்ச் 2023

'எல்லாம் ஆறிவிட்டால் சரியாகும் என்று சொல்வது கலைஞர்களுக்குச் சாதகமான பேச்சு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. எது சரியாகும், எது சரியாகாது என்பதைப் பிரித்து அறிவதற்கே காலம் தேவை என்கிறேன். கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட நிழல் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நம்முடைய மாநிறத் தோலில் கோட்டைச் சுற்றித் தெரியும் நிழல் மூன்று விதமாக இருக்கலாம்.

ஒன்று, கன்றிப்போன இரத்தக்கட்டு. மணிக்கட்டில் தோல் மெல்லியது என்பதால் இது எளிதில் ஏற்படும். நீலமாகத் தொடங்கி, பச்சை கலந்து, மஞ்சளாக மாறி, இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டாவது, பழுப்பு நிழல். காயம்பட்ட இடத்தில் தோல் தன் நிறமியைக் கூடுதலாகச் சுரப்பதால் உண்டாவது. கொசுக்கடியும் பருவும் நம் தோலில் கரும்புள்ளியாக மாதக்கணக்கில் நிற்பதற்கு இதுவே காரணம். இது மெதுவாக மறையும், ஆனால் மறையும். வெயில் பட்டால் நாள் கூடும். மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். ஊசி அடித்தோலையும் தாண்டிக் கொழுப்பு அடுக்குவரை இறங்கினால் மை அங்கே பக்கவாட்டில் பரவிவிடும். கலைஞர்கள் இதை ப்ளோ-அவுட் என்கிறார்கள். நீலச்சாம்பல் நிறத்தில், விளிம்பு மங்கலாக, கோட்டின் ஒரு பக்கமாக ஒதுங்கி இருப்பது இதன் அடையாளம். இது ஆறி மறையும் வகையைச் சேர்ந்ததன்று.

இந்த மூன்றும் இரண்டாம் வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து தெரியும். இரண்டாம் மாதத்தின் முடிவில் இரத்தக்கட்டு போயிருக்கும். எஞ்சியது பழுப்பா நீலமா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்தாலே சொல்லிவிடலாம். என் கோலத்தில் எல்லா இடத்திலும் கோடு பரவிவிட்டதாகவே நான் நினைத்திருந்தேன். பழுப்பு மெல்ல விலகிய பிறகு, இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீலம் எஞ்சியது. அது இன்றும் இருக்கிறது.

15 மார்ச் 2023

புள்ளி எழுத்தோடு ஒட்டியதைப் பற்றி. இது ஆறுவதில் ஏற்பட்ட குறை அல்ல என்று நினைக்கிறேன். வரைவிலேயே இருந்த குறை.

தோலில் இடப்பட்ட எந்தக் கோடும் ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றுத் தடிக்கும். லத்தீன் எழுத்துகளுக்கு ஏற்பட்ட அளவை அப்படியே தமிழுக்குப் பயன்படுத்தினால் நம் எழுத்து தாங்காது, ஏனென்றால் நம் எழுத்து சுழிகளால் ஆனது. 'கண்ணம்மா'வில் மூன்று சுழி 'ண' இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. போதாக்குறைக்கு இரண்டு புள்ளிகள். கோடு சற்றே தடித்தாலும் சுழியின் உள்வெளி அடைபட்டு, மூன்று சுழி இரண்டு சுழியாகத் தெரியத் தொடங்கும். இன்னும் தடித்தால் எழுத்தே ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். என் கணிப்பு இது: சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் கோட்டின் தடிமனைவிட மூன்று நான்கு மடங்காவது இருக்க வேண்டும். அதற்கு இடம் போதாது என்றால் மணிக்கட்டை விட்டு முன்கையில் போட வேண்டும், அல்லது சொல்லைச் சுருக்க வேண்டும். புள்ளியையும் அச்செழுத்தில் உள்ளதுபோல எழுத்தின் தலைக்கு மிக அருகில் வைக்காமல், கண்ணுக்குச் சற்று அதிகமாகவே தோன்றும் இடைவெளி விட்டு மேலே வைக்க வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் எழுத்தாணியின் கூர்மை ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் புள்ளியையே பெரும்பாலும் இடாமல் விட்டார்கள். எழுதப்படும் பரப்பைப் பார்த்துத்தான் அவர்கள் எழுத்தின் வடிவத்தை முடிவு செய்தார்கள். தோலில் எழுதுபவருக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

புள்ளியை விட்டுவிடலாமே என்று யாரும் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஓலைச்சுவடிக் காலத்து வாசகர்கள் புள்ளியில்லாமல் படித்தார்கள் என்பதற்காக நாம் அதை விட முடியாது. இன்றைய கண்ணுக்கு அது பிழையாகவே தெரியும்.

16 மார்ச் 2023

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தமிழ் தெரியாத கலைஞரிடம் சொல்லைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். ஓவிய மென்பொருள்களில் இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதியை இயக்காமல் விட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கொ' மூன்று துண்டாக உடையும். தனி உயிர்க்குறியோடு புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்து சேரும். தமிழ் தெரியாதவருக்கு அந்த வட்டமும் எழுத்தின் பகுதியாகவே தெரியும். அவர் அதையும் நேர்மையாக, அழகாகக் குத்திவிடுவார். ஸ்டென்சிலை (வடிவத்தைத் தோலில் பதிக்கும் அச்சுத்தாளை) ஒட்டிய பிறகு, ஊசியைத் தொடுவதற்கு முன், தமிழ் நன்கு படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அதைப் படமெடுத்து அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருங்கள். ஸ்டென்சிலைத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டுவது சில நிமிட வேலை.

2 ஏப்ரல் 2023

அரிப்புக்காக மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவியதாகவும், உடனே குணம் தெரிந்ததாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். உடனே குணம் தெரிகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். உறையின் மேல் சிறிய எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும்; ஆனால் தோலை மெலியச் செய்யும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், உள்ளே கிருமித்தொற்று இருந்தால் அதை மறைத்து வளரவும் விடும். மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் அது வேறு. நாமாக வாங்கித் தடவக் கூடாது. அரித்தால் சொறியாமல், சுத்தமான துணியில் சுற்றிய குளிர்ந்த பொருளைச் சிறிது நேரம் வைத்தால் தணியும்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் இதுவரை நான் எழுதியதெல்லாம் பொறுமையைப் பற்றியது. முதல் சில நாட்களுக்குப் பிறகு சிவப்பு குறையாமல் பரவினாலோ, சூடும் வீக்கமும் கூடினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்த கோடு ஓடினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வாரங்கள் கழித்துக் குறிப்பிட்ட ஒரு நிறம் உள்ள பகுதி மட்டும் மேடாகத் தடித்து அரித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். சிவப்பு மையில் இது அதிகம். ஆறிய பிறகும் தழும்பு மேடு வளர்ந்துகொண்டே போய்க் காயத்தின் எல்லையைத் தாண்டினால் அது கீலாய்டு. கருமையான தோலில் இதற்கான வாய்ப்பு கூடுதல். காது குத்தியபோதோ தடுப்பூசி போட்டபோதோ அப்படி மேடு வந்தவர்கள் டாட்டூவையே தவிர்ப்பது நல்லது.

2011-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் நடந்தது இன்னொரு வகை. 19 பேருக்கு, டாட்டூ போட்ட சில வாரங்களுக்குள், சாம்பல் நிறச் சாயல் உள்ள பகுதியில் மட்டும் சிவந்த கொப்புளங்கள் தோன்றி மறையாமல் நின்றன. கலைஞர் சுத்தமாகவே வேலை செய்திருந்தார். சாம்பல் நிற மையைத் தயாரித்தவர் காய்ச்சி வடித்த நீரைக் கலந்திருந்தார். அந்த மையில் மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி இருந்தது. காய்ச்சி வடித்த நீரும் கிருமி நீக்கிய நீரும் ஒன்றல்ல. அதனால் சாம்பல் சாயல் உள்ள வடிவம் போடுகிறவர்கள், மையை எதைக் கொண்டு நீர்க்கச் செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்கும் கலைஞரிடம் கையை நீட்ட வேண்டியதில்லை.

20 ஏப்ரல் 2023

கேள்வி கேட்டவர் புதிய படத்தைக் காட்டியிருக்கிறார். இப்போது பேசலாம்.

சாம்பல் போய்விட்டது, 'க' நன்றாகவே இருக்கிறது. 'மா'வின் காலில் ஓர் அரிசி நீளத்துக்கு மை இல்லை. இரண்டு 'ண'வின் நடுச்சுழிகளும் அடைபடும் நிலையில் இருக்கின்றன. முதல் புள்ளி எழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நிழலில் பெரும்பகுதி பழுப்பு, அது விலகிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது 'ம'வின் அடியில் மட்டும் நீலம் தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தை இரண்டு விரல்களால் மெதுவாக விரித்துப் பிடித்துப் பாருங்கள். தோலை விரித்தாலும் விளிம்பு மங்கலாகவே இருந்தால் மை பரவியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்தக் கலைஞரிடம் போகலாமா என்று கேட்கிறீர்கள். போகலாம், இரண்டு மாதம் முடிந்துவிட்டது. 'மா'வின் காலை நிரப்புவதற்கு மட்டும் சம்மதியுங்கள். சுழிகளின் பக்கம் ஊசி போகவே கூடாது. அங்கே மேலும் மை சேர்ப்பது அடைப்பை விரைவுபடுத்தும். நீலம் தெரியும் இடத்தில் மேலே குத்தித் திருத்த முடியாது. கோட்டைத் தடிக்கச் செய்து நிழலை அதற்குள் மறைக்க முயல்வார்கள். பெரிய வடிவங்களில் அது பலன் தரும், சிறிய தமிழ் எழுத்தில் தராது.

அவர் சொன்னதாக நீங்கள் எழுதிய வாக்கியத்தை என்னிடமும் ஒருவர் சொன்னார்: 'அது உங்கள் தோலின் குணம்.' இதை நான் ஏற்கவில்லை. தோலின் குணம் வேலை தொடங்குவதற்கு முன்பே கண்ணெதிரே இருக்கிறது. மணிக்கட்டுத் தோல் மெல்லியது என்பதும், மாநிறத் தோல் காயத்துக்குப் பின் கறுக்கும் என்பதும் அவர் தொழிலின் பாலபாடம். நம் நிறமி மேல்தோலில் இருக்கிறது, மை அதற்குக் கீழே இருக்கிறது. தேநீர் நிறக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த படத்தைப் பார்ப்பதுபோலத்தான் நாம் டாட்டூவைப் பார்க்கிறோம். வெள்ளையும் இளமஞ்சளும் அந்தக் கண்ணாடியில் மங்கிப்போகும், மயிரிழைக் கோடு கரைந்துபோகும், கருமையும் இடைவெளியும் நிற்கும். வெளிர்ந்த தோலில், போட்ட அன்றே எடுத்த படங்களைக் காட்டி வாடிக்கையாளரை அழைப்பவர், மாநிறத் தோலில் ஓராண்டு கழித்து எடுத்த படங்களையும் காட்டக் கடமைப்பட்டவர். முதல் டாட்டூ போட நினைக்கும் எவரும் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

21 ஏப்ரல் 2023

நேற்று எழுதிய பிறகு அப்பத்தாவின் கை நினைவுக்கு வந்தது. சிவகங்கைப் பக்கம், சிறு வயதில், ஊருக்கு வந்த குறத்தி குத்திவிட்ட பச்சை. முன்கையில் கோலம்போல ஒரு வடிவம். அறுபது ஆண்டுகளைத் தாண்டிய பிறகும், தோல் சுருங்கித் தொங்கிய பிறகும், ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. கோடுகள் எல்லாம் நன்றாகத் தடித்திருந்தன, நீலப்பச்சையாக மாறியிருந்தன. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சிறுமியாக இருந்தபோது ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே என் சுண்டுவிரல் நுனியை வைத்து விளையாடியிருக்கிறேன். விரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பச்சையின் மை செய்யும் முறையைப் பதிவு செய்திருக்கிறார்: மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சேகரித்துக் குழைப்பார்கள். கரி கறுப்புத்தான். அடித்தோலில் இருக்கும் கறுப்பை மேலிருந்து பார்க்கும்போது ஒளி சிதறுவதால் அது நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. கோலத்தின் அளவும் இடைவெளியும் எப்படி முடிவாயின என்று அந்தப் பெண்கள் எழுதி வைக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே நிறத் தோலில், முதிர்ந்த கைகளைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே வேலை செய்தவர்களின் கை அது. ஊசியின் சுத்தத்தை நான் பாராட்டவில்லை. ஒரே ஊசியைப் பலருக்கும் பயன்படுத்துவது ஹெப்பட்டைட்டிஸ் பி, சி போன்ற நோய்களுக்கு வழி திறப்பது. அந்த வகையில் இன்றைய முறை எவ்வளவோ மேல். வரைவின் அளவில் மட்டும் அவர்களிடம் கற்க இருக்கிறது என்கிறேன்.

6 மே 2023

லேசர் பற்றிப் பலர் கேட்பதால் ஒரே இடத்தில் எழுதுகிறேன். முதலில், அடித்தோலில் சேர்ந்த மை நிலைத்துவிடுவது எப்படி என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மைத் துகள்களை நம் உடலின் விழுங்கு செல்கள் அயற்பொருளாகக் கருதி விழுங்கிவிடுகின்றன. செரிக்க முடியாமல் அப்படியே வைத்திருக்கின்றன. 2018-இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது இது: மையைச் சுமக்கும் செல் இறந்தால் துகள்கள் வெளியே விடப்படுகின்றன, உடனே புதிய செல் வந்து அவற்றை விழுங்கிக்கொள்கிறது. மை அதே இடத்தில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. லேசர் துகள்களை நொறுக்குகிறது. போதிய அளவு சிறியதாகிவிட்ட துகள்களை உடல் நிணநீர் வழியாக அகற்றுகிறது. அகற்றும் வேலையை உடலே செய்வதால்தான் ஓர் அமர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 6 முதல் 8 வாரங்கள் விடுகிறார்கள். ஒரே அமர்வில் போக்கிவிடுவதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசரைப் பயன்படுத்துகிறார்கள். அந்த அலைநீளத்தை நம் தோலின் நிறமி குறைவாகவே உறிஞ்சுவதால் மாநிறத் தோலுக்கு அது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. சிவப்பு மைக்கான 532 நானோமீட்டரை நிறமியும் உறிஞ்சும். நம் தோலில் வெண்திட்டோ கரும்திட்டோ விழும் வாய்ப்பு கூடுகிறது. வெள்ளை மையும் தோல்நிற மையும் லேசர் பட்டதும் கறுத்துப்போகக்கூடும். ஆகவே இதைத் தோல் மருத்துவரிடம், முதலில் ஓரத்தில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே செய்துகொள்ள வேண்டும். அழகு நிலையங்களில் முடி நீக்குவதற்கு வைத்திருக்கும் ஐபிஎல் (தீவிர ஒளித் துடிப்பு) கருவி லேசர் அல்ல. டாட்டூவின் மேல் அதைப் பயன்படுத்தினால் தோல் வெந்துபோகும். டாட்டூ நீக்கும் களிம்பு என்று இணையத்தில் விற்கப்படுபவை அமிலம் கலந்தவையாக இருந்தால் மை இருந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும்.

முழுவதும் நீக்குவது மட்டுமே லேசரின் பயன் அன்று. பழைய வடிவத்தை இரண்டு மூன்று அமர்வுகளில் வெளிறச் செய்து அதன் மேல் புதிய வடிவம் போடுவது பலருக்குப் போதுமானதாக இருக்கும். வெளிறச் செய்யாமல் நேரடியாக மேலே போடும் வடிவம் பழையதைவிடப் பெரியதாகவும் கருமையாகவும் இருந்தாக வேண்டும். மணிக்கட்டில் அதற்கு இடமில்லை.

9 மே 2023

சிறு குறிப்புகள். இந்தியாவில் டாட்டூ போட்டுக்கொண்டவர் 12 மாதங்களுக்கு இரத்த தானம் செய்யக் கூடாது. டச்-அப்பும் ஊசிதான் என்பதால் அந்த நாளிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். இராணுவ வேலைக்கு முயல்பவர்கள் அறிவிக்கையைப் படித்துவிட்டே முடிவெடுங்கள்: பழங்குடியினருக்குத் தனி விலக்கு உண்டு; மற்றவர்களுக்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான டாட்டூ அனுமதிக்கப்படுகிறது.

30 ஜூலை 2023

'மா'வின் கால் நிரப்பப்பட்டு ஆறிவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். கேட்க மகிழ்ச்சி. படத்தில் பழுப்பு முற்றிலும் போய்விட்டது. நான் சந்தேகித்த நீலம் 'ம'வின் அடியில் இருக்கத்தான் செய்கிறது, ஒரு கடுகளவு. அதை விட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறார். என் கோலத்தில் உள்ளதை நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் புள்ளி இன்னும் எழுத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது அவருக்கு உறுத்துகிறது, அது நியாயமான உறுத்தல். சென்னையில் அவர் பார்த்த தோல் மருத்துவர், அந்தப் புள்ளியை மட்டும் லேசரில் வெளிறச் செய்ய முடியும் என்று சொல்லியிருக்கிறார். லேசர்க் கற்றையின் அகலம் புள்ளியைவிடப் பெரியதாக இருந்தால் பக்கத்திலுள்ள 'ண'வின் தலையும் வெளிறும். எழுத்தின் தலையை மறைக்கத் தகடு வைப்பார்களா, கற்றையின் குறைந்தபட்ச அகலம் எத்தனை மில்லிமீட்டர், சோதனையை எந்த இடத்தில் செய்வார்கள் என்ற மூன்றையும் அடுத்த முறை கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். புதிய புள்ளியை மேலே தள்ளிப் போடுவதைப் பற்றி, லேசர் பட்ட இடம் முழுவதும் ஆறிய பிறகு பேசுவோம். வெயில் கடுமையாக இருக்கும் மாதங்களில் தொடங்க வேண்டாம். வெயிலில் கறுத்த தோலில் லேசர் படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை நல்ல காலம்.